மூட்டுக்குள் நுழையும் சேனை

மார்கழி பிறந்து கண்டி வாவியின் மீது பனிமூட்டம் கவியத் தொடங்கியதும், நம் இல்லங்களில் யூக்கலிப்டஸ் தைலத்தின் மணமும் எழத் தொடங்கிவிடும். பாட்டிமார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பாழும் குளிர் எலும்புக்குள் இறங்கிவிட்டது" என்பர். மலையகத்தார் மூட்டு வலிக்குக் குளிரைப் பழிப்பர். யாழ்ப்பாணத்தார் வாயுப் பதார்த்தத்தைப் பழிப்பர். உருளைக்கிழங்கும் பருப்பும் இக்குற்றச்சாட்டின் பேரில் எத்தனையோ வீடுகளிற் பந்தியிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. குளிர் நாட்களில் வலி சற்று மிகுதியாக உணரப்படலாம். ஆனால், இரு கைகளிலும் விரல் மூட்டுகள் ஒருசேர வீங்கிச் சூடேறி, காலையில் மடங்க மறுக்கின்றன எனில், அதைக் குளிரின் தலையிற் சுமத்துதல் தகாது. அங்கே ஒரு படையெடுப்பு நடைபெறுகின்றது. படையெடுத்து வருவோரும் அயலார் அல்லர். நம்மைக் காக்கவென்றே குருதியில் உலவும் வெண்குருதிக் கலங்களே அவர்.

அக்கலங்கள் மூட்டுக்குள் எவ்வாறு வந்து சேர்கின்றன, எவர் அழைக்க வருகின்றன என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள். ஒன்றை முதலிலேயே பிரித்துக் கூறிவிடுவோம். வயது முதிர்ந்து, கசியிழையம் தேய்ந்து வரும் முழங்கால் வலி வேறு. அதனைப் பற்றி நாம் இங்கு பேசவில்லை. அழற்சியினால் வரும் மூட்டுவாதமே நம் பொருள். அவற்றுட் கொடியது முடக்குவாதம். உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரையோ, இருநூற்றுக்கு ஒருவரையோ அது பற்றுகின்றது. ஆடவரைக் காட்டிலும் பெண்டிரை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகின்றது. முப்பதிலும் நாற்பதிலும் இருப்போரையும் அது விடுவதில்லை. ஆதலின், "வயது போனால் வருவதுதானே" என்ற ஆறுதல் மொழி இங்கே ஆறுதலாகாது, ஆபத்தாகவே முடியும்.

மூட்டின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். இரண்டு என்புகளின் முனைகளையும் வழுவழுப்பான கசியிழையம் போர்த்தியிருக்கின்றது. அனைத்தையும் ஓர் உறை சூழ்ந்துள்ளது. அவ்வுறையின் உட்புறத்தே ஒரு மென்சவ்வு படர்ந்துள்ளது. நலமுள்ள உடலில் அச்சவ்வின் மேற்படை ஓரிரு கலங்களின் தடிப்பே உடையது. முட்டையின் வெண்கருவை ஒத்த ஒரு நீரைச் சுரந்து, மூட்டுக்கு எண்ணெயிடுவது அதன் தொழில். முழங்கால் போன்ற பெரிய மூட்டிலும் அந்நீர் ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாகவே இருக்கும். அதன் ஒரு கன மில்லிமீற்றரில் 200க்குக் குறைவான வெண்குருதிக் கலங்களே காணப்படும். மூட்டு அழற்சியுற்றாலோ, அவ்வெண்ணிக்கை 2,000 முதல் 50,000 வரை உயர்ந்துவிடுகின்றது. சவ்வு தடித்து, படைமேற்படையாக வளர்ந்து, கசியிழையத்தின் மீது கொடிபோற் படர்ந்து, ஈற்றில் என்பையே அரிக்கின்றது. ஒரு நெல்லிக்கனி அளவும் இல்லாத விரல் மூட்டுக்குள் இத்துணைக் கூட்டம் எங்ஙனம் புகுந்தது?

இவ்வினாவுக்கு முதல் விடை 1867ஆம் ஆண்டிற் கிடைத்தது. அவ்வாண்டு நம் கண்டிக்கும் மறக்கவொண்ணாத ஆண்டாகும். தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில், ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது அவ்வாண்டிலேயே. அதே ஆண்டில் பெர்லின் நகரிலே யூலியஸ் கோன்ஹைம் என்ற இளம் மருத்துவர் தவளை ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ்க் கிடத்தி, அதன் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை நோக்கிக்கொண்டிருந்தார். சவ்வு காற்றுப்பட்டு அழற்சியுறத் தொடங்கியதும், அதுகாறும் குருதியோட்டத்தில் விரைந்து சென்ற வெண்கலங்கள் நுண்ணாளங்களின் ஓரத்துக்கு ஒதுங்கின. பின்னர் சுவரில் வரிசையாக ஒட்டின. பின்னர் சுவரின் வெளிப்புறத்தே சிறு மொட்டுகள் அரும்பின. மொட்டுகள் பருத்து, காம்புற்று, முடிவில் முழுக் கலங்களாகவே வெளியே வந்து நின்றன! குழாயோ உடையவில்லை, குருதியும் கொட்டவில்லை. சீழ் என்பது அழற்சியுற்ற இடத்திலேயே பிறப்பது என்று பெரியோர் பலர் நம்பியிருந்த காலம் அது. சீழிலுள்ள கலங்கள் குருதியிலிருந்து நடந்து வந்தவை என்று கோன்ஹைம் நிறுவினார். இலண்டனில் அகஸ்டஸ் வாலர் 1846ஆம் ஆண்டிலேயே இதனைக் கண்டிருந்தார் எனினும், உலகம் அன்று செவிசாய்க்கவில்லை. அறிவியலில் முதலிற் காண்பவனுக்கன்றி, மறுக்கவொண்ணாதபடி காட்டுபவனுக்கே மாலை விழுகின்றது.

கலங்கள் வெளியேறுகின்றன என்பது தெரிந்தது. அவற்றை அழைப்பது எது? 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்த ருஷ்ய அறிஞர் எலீ மெச்னிகோவ், கண்ணாடி போலத் தெளிந்த விண்மீன்-மீனின் குஞ்சின் உடலிலே ஒரு ரோசா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாட் காலையில் நகரும் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. அக்குஞ்சுக்குக் குருதிக் குழாயும் இல்லை. கட்டளையிட வல்ல மூளையும் இல்லை. ஆயினும் கலங்கள் வந்தன. காயமுற்ற இடம் தானே ஏதோ ஒரு செய்தியை அனுப்புகின்றது என்பது இதனாற் புலப்பட்டது.

செய்தி எத்தகையது என்பதைக் கூறுமுன், கண்டி இராச்சியத்தின் பழைய வழக்கமொன்றை மாணாக்கருக்கு நினைவூட்டுதல் பொருந்தும். 1660ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்நாட்டிற் சிறையிருந்து தப்பிச் சென்ற ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681இல் ஒரு நூல் வெளியிட்டார். மலைநாட்டுக்கு ஏறும் கணவாய்கள் தோறும் முட்களாற் செய்த வாயில்கள் இருந்தன என்றும், காவலர் அவற்றை இரவும் பகலும் காத்தனர் என்றும் அவர் எழுதுகின்றார். அவ்வாயிலைக் கடக்க விரும்புவோன் களிமண்ணிற் பதித்த முத்திரை ஒன்றைக் காட்ட வேண்டும். போர்வீரனுக்கு ஈட்டி தாங்கிய மனித உருவம். உழைப்பாளிக்குக் காவுதடியின் இரு முனையிலும் பை தொங்கச் சுமந்து செல்லும் உருவம். வெள்ளையனுக்கு வாளும் தொப்பியும் கொண்ட உருவம். முத்திரை பொருந்தினால் முள்வாயில் விலகும், பொருந்தாவிடில் விலகாது.

நம் நுண்ணாளங்களின் சுவரும் இத்தகைய முள்வாயிலே. அமைதிக் காலத்தில் அது எவரையும் நிறுத்துவதில்லை. வெண்கலங்கள் ஓட்டத்தோடு ஓட்டமாகப் போய்விடும். அருகிலுள்ள இழையத்தில் அழற்சி மூண்டதும், சுவர்க் கலங்கள் தம் உட்புறத்தே செலெக்டின் என்னும் புரதங்களை நீட்டுகின்றன. அவை வெண்கலத்தை இலேசாகப் பற்றும், பற்றி விடும், மீண்டும் பற்றும். இதனாற் கலம் வேகம் குறைந்து, சுவரோரமாகப் பந்து போல் உருண்டு செல்கின்றது. உருளுதல் மட்டுமே நுழைவாகாது. உருண்டு செல்கையில், சுவரின் மீது வைக்கப்பட்டுள்ள அழைப்புப் பொருளொன்று கலத்தின் மேலுள்ள ஏற்பியிற் பொருந்த வேண்டும். களிமண் முத்திரை பொருந்துவது அப்போதே. பொருந்திய மறுகணம் கலத்தின் மேலுள்ள இன்டெக்ரின் என்னும் கொக்கிகள் நிமிர்கின்றன. நாயுருவி விதை வேட்டியிற் பற்றுவது போலக் கலம் சுவரிற் பற்றி நின்றுவிடுகின்றது. பின்னர் உடலைத் தட்டையாக்கி, சுவர்க் கலங்கள் இரண்டின் இடைவெளியில் நுழைந்து, அப்பாற் சென்றுவிடுகின்றது. கோன்ஹைம் கண்ட மொட்டு இதுவே.

இக்கொக்கிகள் பிறவியிலேயே அமையாத குழந்தைகள் அரிதாகப் பிறப்பதுண்டு. அவர்தம் குருதியில் வெண்கலங்கள் ஏராளமாக இருக்கும். ஆயினும் புண்ணிலே சீழ் கட்டாது. தொப்புட்கொடி விழுவதற்கு வழக்கத்திலும் நீண்ட நாட்களாகும். கொடிய தொற்றுகள் அடுத்தடுத்து வரும். கோட்டைக்குள் வீரர் நிறைந்திருந்தும் வாயிலைக் கடக்க இயலாமையால் ஊர் அழிகின்றது! ஆகவே வாயில் திறப்பதே நோய் என்று எண்ணிவிடலாகாது. திறக்கத் தகாத வேளையில், திறக்கத் தகாத இடத்தில் திறப்பதுவே நோய்.

முடக்குவாதத்தில் அவ்வாறு திறக்கச் செய்வது எது? உடலின் பிறபொருளெதிரிகள் அயற்பொருளைத் தாக்குவதை விட்டு, நம் சொந்தப் புரதங்களையே பகையெனக் கொள்கின்றன. வலி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இத்தகைய பிறபொருளெதிரிகள் சிலரது குருதியிற் காணப்படுகின்றன. 1815இல் கண்டி வீழ்ந்ததும் இவ்வாறே என்பது நம் கருத்து. நூற்றாண்டுக் கணக்கில் போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் தடுத்த கணவாய்கள், உள்ளேயிருந்த பிரதானிகள் அரசனோடு முரண்பட்ட பின்னர் எவரையும் தடுக்கவில்லை. வரலாற்று ஆசிரியர் நம்மோடு வழக்காட வரலாம். அதனை வேறொரு வாரம் பார்த்துக்கொள்வோம்.

உயிருள்ள மூட்டிலே இப்படையெடுப்பைக் கண்ணாற் கண்டவர்கள், அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து மசாச்சுசெட்ஸ் பொது மருத்துவமனையின் அன்ட்ரூ லஸ்டர் குழுவினர். மூட்டுவாதமுற்ற எலியின் குருதிநீரை நலமுள்ள எலிக்கு ஏற்றினால், சில நாட்களில் அதன் பாதங்களும் வீங்கிவிடும். குருதிநீரிலுள்ள பிறபொருளெதிரிகளே அதற்குக் காரணம். அவ்வாறு நோயூட்டப்பட்ட எலியின் மூட்டை, ஆழ்ந்த இழையத்துள்ளும் ஊடுருவிக் காட்டவல்ல லேசர் நுணுக்குக்காட்டியால் நோக்கி, 2017இல் தம் முடிபை வெளியிட்டனர். அவர்கள் பின்தொடர்ந்தது நியூட்ரோபில் என்னும் வெண்கலத்தை. நம் என்பு மச்சை நாள்தோறும் 10,000 கோடி அளவிற்கு உண்டாக்கும் காலாட்படை இது. விரைந்து வரும், விரைந்து மடியும், மடியும்போது தன்னிடமுள்ள செரிப்புப் பொருள்களை அவ்விடத்திலேயே கொட்டிவிட்டு மடியும். கசியிழையத்தைக் கரைப்பதில் அவற்றுக்கும் பங்குண்டு.

அவர்கள் கண்ட நிகழ்ச்சி இது. பிறபொருளெதிரிகள் மூட்டிற் படிகின்றன. படிந்த இடத்தில், குருதியில் எப்போதும் உறங்கிக்கிடக்கும் நிரப்பிப் புரதத் தொகுதி விழித்தெழுகின்றது. அதிலிருந்து சி5ஏ என்னும் சிறு துண்டு முறிகின்றது. அத்துண்டு இழையத்திலிருந்து சுவரைக் கடந்து, நுண்ணாளத்தின் உட்புறத்திலே வைக்கப்படுகின்றது. உருண்டு வரும் நியூட்ரோபில் அதனைத் தொட்டதும் ஒட்டி நின்றுவிடுகின்றது. சி5ஏக்குரிய ஏற்பி இல்லாத எலிகளில் நியூட்ரோபில்கள் சுவரோரம் உருண்டன, ஒட்டவில்லை, மூட்டுவாதமும் வரவில்லை. முதல் முத்திரை எது என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

இதனினும் வியப்பு அடுத்து நிகழ்வதே. உள்ளே நுழைந்த முதல் நியூட்ரோபில்கள் வாளாவிருப்பதில்லை. அவையே அழைப்பாளராகின்றன. லியூக்கோத்ரையீன் பி4 என்னும் கொழுப்புப் பொருளையும், இன்டர்லூக்கின்-1 என்னும் புரதத்தையும் அவை வெளியிடுகின்றன. இன்டர்லூக்கின் மூட்டுச் சவ்வின் கலங்களைத் தூண்ட, அவை கீமோகைன் எனப்படும் அழைப்புப் புரதங்களைச் சுரக்கின்றன. அவ்வழைப்பைக் கேட்டு அடுத்த அணி வருகின்றது. அதே குழுவினர் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதனை அழகாகக் காட்டுகின்றது. லியூக்கோத்ரையீன் ஏற்பி இல்லாத எலிகளுக்கு மூட்டுவாதம் வரவில்லை. அவ்வெலிகளுக்கு ஏற்பியுள்ள நியூட்ரோபில்களைச் சிறிதளவு ஏற்றினர். அவை நுழைந்த பின்னர், ஏற்பியில்லாதவையும் பின்னே நுழையத் தொடங்கின! திருமண வீட்டில் அழைப்பிதழுள்ள நால்வர் கதவைத் திறந்துவைத்தால், அழைப்பிதழில்லாத நாற்பதின்மரும் பந்தியில் அமர்ந்துவிடுவதில்லையா? நம் ஊரில் இதற்கு எலிப் பரிசோதனை தேவையில்லை.

எலியிற் கண்டது மனிதனுக்கும் அப்படியே பொருந்துமா என்று மாணாக்கர் கேட்க வேண்டும்; கேளாத மாணாக்கனை நாம் பெரிதும் மதிப்பதில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆய்வாளர் சி5ஏ ஏற்பியை அடைக்கும் மருந்தொன்றை முடக்குவாத நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்து, 2007இல் முடிவை அறிவித்தனர். மூட்டுச் சவ்வின் அழற்சி குறையவில்லை. அதற்கு முந்திய ஆண்டு அவர்களே எம்.சி.பி.-1 என்னும் கீமோகைனைத் தடுத்துப் பார்த்ததும் பயனளிக்கவில்லை. எலியின் நோய் தொடங்கிச் சில நாட்களே ஆனது. மனிதர் மருத்துவரிடம் வரும்போதோ, அழைப்போர் ஆயிரவராகிவிட்டனர். ஒருவன் வாயை அடைத்தால் மற்றையோர் கூவுகின்றனர்.

இந்த எம்.சி.பி.-1 என்னும் பெயர் கண்டி மக்களுக்குத் தொலைவானதன்று. 2006-07ஆம் ஆண்டுகளில் நம் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் சிக்குன்குனியாக் காய்ச்சல் பரவியமை பலருக்கு நினைவிருக்கும். காய்ச்சல் ஒரு வாரத்திற் போயிற்று. மூட்டு வலியோ பலருக்கு வாரக்கணக்கிலும், சிலருக்கு மாதக்கணக்கிலும் போகவில்லை. கணுக்காலும் மணிக்கட்டும் வீங்க, மக்கள் கூனிக் குனிந்து நடந்தனர். நோயின் பெயரே அதுதான்: 1952-53இல் கிழக்காபிரிக்காவின் தங்கனீக்காவில் இது முதலிற் கண்டறியப்பட்டபோது, வளைந்து முடங்குதல் என்ற பொருள்பட மக்கொண்டே மக்கள் தம் மொழியில் இட்ட பெயர் அது. 1964இல் சென்னையையும் வேலூரையும் அது வருத்தியது. 1960களிலேயே இலங்கைக்கும் வந்து போயிற்று. நாற்பது ஆண்டுகள் மறைந்திருந்து, 2006இல் மீண்டும் வந்தது. 2025லும் வந்தது.

சிக்குன்குனியா வைரசு மூட்டுச் சவ்வின் கலங்களிற் புகுந்ததும், அக்கலங்கள் எம்.சி.பி.-1ஐ வெளியிட்டு, மொனோசைற்று எனப்படும் பெரிய வெண்கலங்களை அழைக்கின்றன. வலிக்கும் வீக்கத்துக்கும் அவ்வருகை ஒரு பெருங் காரணம். அவ்வாறாயின் அவற்றின் வாயிலை அடைத்துவிடலாமே என்று எவர்க்கும் தோன்றும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து ஆய்வாளர், எம்.சி.பி.-1இன் ஏற்பியே இல்லாத எலிகளுக்கு இந்நோயை ஊட்டி, 2014இல் முடிவை வெளியிட்டனர். மொனோசைற்றுகள் வரவில்லை, அவற்றுக்குப் பதிலாக நியூட்ரோபில்கள் திரண்டு வந்தன, மூட்டுவாதம் முன்னிலும் கொடிதாகி நீடித்தது, கசியிழையமும் சிதைந்தது. வந்த மொனோசைற்றுகள் வெறும் கலகக்காரர் அல்ல, குப்பையை அகற்றிப் போரை முடித்துவைக்கும் பணியும் அவற்றுடையதே என்பது அப்போது தெளிவாயிற்று.

அக்காலத்துக் கண்டியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. சிக்குன்குனியாவும் டெங்கும் ஒரே காலத்திற் பரவின. இரண்டையும் சுமப்பவை ஒரே இன நுளம்புகள். பேராதனை மருத்துவ பீடத்துக் குலரத்ன முதலிய மருத்துவர்கள் இவ்விரு காய்ச்சல்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நம் இல்லங்களுக்கு இதனாற் பெறத்தக்க செய்தி ஒன்றுண்டு. காய்ச்சலோடு மூட்டு வலி வந்தவுடன், அயலார் சொற்கேட்டு அஸ்பிரின், டைக்ளோபினாக் போன்ற வலிமாத்திரைகளை விழுங்குதல் கூடாது. அது டெங்காக இருந்தால், அம்மாத்திரைகள் குருதிப்பெருக்கை உண்டாக்கி உயிருக்கே இடர் செய்யும். டெங்கு இல்லையென்று குருதிச் சோதனையால் தெளியும் வரை பரசிற்றமோல் ஒன்றே போதும். அதுவும் மருத்துவர் கூறிய அளவில்.

முடக்குவாதத்துக்குத் திரும்புவோம். அழைப்பாளர் பலராயினும், அவர்க்கெல்லாம் முரசறைவோன் ஒருவன் உண்டோ என்று தேடியவர்கள் இலண்டனில் இருவர்: மார்க் பெல்ட்மன், ரவீந்தர் மைனி. மைனி 1937இல் பஞ்சாபின் லூதியானாவிற் பிறந்தவர். அழற்சியுற்ற மூட்டுச் சவ்வைச் சோதனைக் குழாயில் வளர்த்து, டி.என்.எப். என்னும் ஒரே புரதத்தை அடக்கினால் ஏனைய அழற்சிப் பொருள்களும் அடங்குகின்றன என்று அவர்கள் கண்டனர். 1992இல் சாரிங் குரொஸ் மருத்துவமனையில் அப்புரதத்தைத் தடுக்கும் மருந்தை முதன்முறையாக நோயாளருக்கு ஏற்றினர். ஆண்டுக்கணக்கில் தளர்ந்திருந்தோர் சில வாரங்களிலே எழுந்து நடமாடினர். அது கலங்களின் வருகையைக் குறைக்கின்றதா என்பதையும் பின்னர் அவர்கள் அளந்தனர். நோயாளரின் நியூட்ரோபில்களைச் சிறிதளவு எடுத்து, கதிரியக்கப் பொருளால் அடையாளமிட்டு, மீண்டும் குருதியிலேற்றி, எத்தனை மூட்டுக்குச் செல்கின்றன என்று மருந்துக்கு முன்னும் பின்னும் பார்த்தனர். இரண்டு வாரத்தில் வருகை வெகுவாகக் குறைந்திருந்தது.

இம்மருந்துக்கும் ஒரு விலையுண்டு. பணவிலையை மட்டும் நாம் கூறவில்லை, அதுவும் சிறிதன்று. நுரையீரலின் ஒரு மூலையிலே காசநோய்க் கிருமியைச் சுற்றிவளைத்து, ஆண்டுக்கணக்கிற் காவல் இருப்பனவும் இவ்வெண்கலங்களே. டி.என்.எப். தடைப்பட்டால் அக்காவல் தளர்கின்றது. உறங்கிய காசநோய் விழித்தெழுந்த செய்தி 2001இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆதலின், காசநோய் இன்னும் ஒழியாத நம் நாட்டில், இம்மருந்தைத் தொடங்குமுன் மார்புப் படமும் காசநோய்ச் சோதனையும் செய்வதை எவரும் வீண் அலைச்சலாக எண்ணலாகாது.

நம்மிற் பெரும்பாலோர்க்குக் கிடைப்பதும், பெரும்பாலோர்க்குப் போதுமானதும், விலை குறைந்த சிறு மஞ்சள் மாத்திரையாகிய மெத்தோட்ரெக்சேட் ஆகும். அதன் கதையில் நமக்கு அண்மையிலுள்ள ஒருவர் வருகின்றார். யெல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் ஆந்திரத்துப் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1923இல் அமெரிக்கா சென்றவர். அங்கே லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவரது தலைமையிலான குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். அவ்வமிலத்தை எதிர்க்கும் பொருள்களையும் ஆக்கினர். குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அவற்றுள் ஒன்று உதவிய செய்தி 1948இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே சுப்பாராவ் மறைந்தார். 1951இல் முடக்குவாத நோயாளருக்கும் அது கொடுக்கப்பட்டது. அதன் உறவுப் பொருளான மெத்தோட்ரெக்சேட் முடக்குவாத மருந்தாக அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றதோ 1988இலேதான். கலங்கள் பெருகுவதைத் தடுப்பதனாலேயே அது பயன்தருகின்றது என்று முதலில் எண்ணினர். சிறிய அளவிற் கொடுக்கும்போது அது அடினோசீன் என்னும் பொருளை மிகுவித்து, நியூட்ரோபில்கள் சுவரில் ஒட்டுவதைக் குறைக்கின்றது என்று நியூயோர்க்கின் புரூஸ் குரோன்ஸ்டைன் 1990களிற் காட்டினார். மீண்டும் முள்வாயிலுக்கே வந்துவிட்டோம்.

இனி, இவ்வறிவெல்லாம் யார்க்கு மிகவும் வேண்டியது என்பதைக் கூறுவோம். கலஹா, ஹேவாஹெட்டை, புசல்லாவை முதலிய இடங்களின் தோட்டங்களிலே கொழுந்து பறிக்கும் பெண்டிருக்கு விரல்களே முதல், அவையே வட்டி. முடக்குவாதம் முதலிற் பற்றுவது விரல்களின் நடு மூட்டுகளையும், விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகளையும், மணிக்கட்டையுமே. அதன் தனிக்குணம் காலை விறைப்பு. இரவெல்லாம் அசையாத மூட்டில் அழற்சி நீர் தேங்க, எழுந்து ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ விரல் மடங்காது. பிற்பகலிற் சற்று இளகும். ஆனால் பிரட்டுக்களம் பிற்பகலிற் கூடுவதில்லை! காலையிற் கூடை தாமதமாக நிறைந்தால், நிறுவையிற் குறைந்தால், பெயர் அரைப் பேராகின்றது. "மத்தியானம் நன்றாகத்தானே இருக்கிறாய்" என்ற பேச்சையும் அவள் கேட்க வேண்டியிருக்கின்றது. தேய்வினால் வரும் வலி வேலை செய்யச் செய்ய மிகும். அழற்சியினால் வரும் வலி ஓய்ந்திருக்க மிகும். இவ்வேறுபாட்டை அறிந்த கங்காணியும் கணவனும் அவளைச் சோம்பேறி என்னார்.

என்பரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றது. அரிக்கப்பட்ட என்பு பழைய வடிவுக்குத் திரும்புவதில்லை. தைலம் தேய்ப்பதை நாம் பழிக்கவில்லை. தேய்க்கும் கையின் இதமும், தைலத்தின் வெம்மையும் வலியை ஆற்றும். ஆயினும், நுண்ணாளத்தின் உட்சுவரில் நடைபெறும் அழைப்பை அது எட்டுவதில்லை. ஆறு வாரத்துக்கு மேல் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தால், தோட்டத்து மருந்தகத்தில் வலிமாத்திரை வாங்குவதோடு நின்றுவிடாமல், கண்டி அல்லது பேராதனையிலுள்ள பெரிய அரச வைத்தியசாலைக்குச் சென்று காட்டுதல் வேண்டும். அங்கே கட்டணமில்லை, பேருந்துச் செலவும் ஒரு நாட் கூலியுமே இழப்பு. அவ்விழப்பும் ஏழைக்குப் பெரிது என்பதை நாம் அறிவோம். அதனாலேயே வீட்டார் கூடிப் பேசி, அந்நாளை ஒதுக்கித் தர வேண்டுமென்கிறோம்.

மாத்திரை பற்றி ஓர் எச்சரிக்கை. மெத்தோட்ரெக்சேட் முடக்குவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் உட்கொள்ளப்படுவது. பிற மாத்திரைகளைப் போல நாள்தோறும் தவறுதலாக விழுங்கியோர் பல நாடுகளில் என்பு மச்சை வற்றி இறந்திருக்கின்றனர். கண்ணாடியின்றிச் சீட்டைப் படிக்க இயலாத பாட்டிமாருக்கு, பள்ளி செல்லும் பேரப்பிள்ளைகள் இதில் உதவலாம்: நாட்காட்டியில் அக்கிழமையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அன்று மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். கருவுற்றிருப்போரும் கருவுற விரும்புவோரும் இம்மருந்தை உட்கொள்ளலாகாது. மது அருந்துவோர் அதனை மருத்துவரிடம் ஒளிக்கலாகாது. குறித்த காலத்திற் குருதிச் சோதனைக்குச் செல்லத் தவறலாகாது. மருத்துவர் வேறொரு நாளுக்கென்று போலிக் அமில மாத்திரையும் எழுதிக் கொடுப்பார். ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மனிதரின் கண்காணிப்பிற் பிறந்த அமிலமும் அதன் எதிரியும், இன்று ஒரே வீட்டு அலுமாரியில் அடுத்தடுத்த புட்டிகளில் இருக்கின்றன. எதனை எந்நாளில் எடுப்பது என்று புட்டியின் மேல் தமிழிற் பெரிதாக எழுதி ஒட்டிவைப்பது நன்று.